எல்லாவற்றுக்கும் குளிர் காரணமல்ல: மலையில் வளரும் சின்னப் பிள்ளைகளுக்கு அறிகுறி பார்த்து வழி

நீலகிரியில் ஒரு வயதுப் பிள்ளைக்கு என்ன வந்தாலும் வீட்டில் முதலில் விழும் வார்த்தை "குளிர் பிடிச்சிருச்சு" என்பதுதான். மூக்கு ஒழுகினாலும் குளிர், சாப்பிடாவிட்டாலும் குளிர், ராத்திரி அழுதாலும் குளிர். உடனே இன்னொரு ஸ்வெட்டர், இன்னொரு குல்லா, நெஞ்சில் தைலம். கோத்தகிரியில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் அம்மாவாகச் சொல்கிறேன்: குளிர் நாம் பயப்படுகிற அளவுக்குப் பிள்ளைகளைப் படுத்துவதில்லை. குளிருக்குப் பயந்து நாம் செய்யும் காரியங்கள்தான் பாதித் தொந்தரவைக் கொண்டுவருகின்றன. அடைத்த ஜன்னல், அறைக்குள் கரி, கைக்கெட்டும் இடத்தில் தைலப் பாட்டில், வேளைக்கொரு டீ.

அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் எதைப் பார்ப்பது, பிறகு என்ன செய்வது, எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது என்று எழுதியிருக்கிறேன். 1 முதல் 4 வயது வரைக்கும் இது பொருந்தும். ஒரு வயது ஆகாத கைக்குழந்தைக்குக் கணக்கே வேறு. அதை இதோடு சேர்க்காதீர்கள்.

எல்லா அறிகுறிக்கும் பொதுவான ஒன்று நேரம். எஸ்டேட் லைன் வீடுகளிலோ, ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஹட்டியிலோ (படுகர் கிராமம்) இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லை. சாயங்காலம் மிஸ்ட் இறங்கிவிட்டால் வண்டி ஊர்ந்துதான் போக வேண்டும். வழியில் காட்டுமாடு நிற்கும், சில இடங்களில் யானை நிற்கும். சமவெளியில் இருப்பவர்கள் ராத்திரி 9 மணிக்கு எடுக்கும் முடிவை நாம் மதியம் 3 மணிக்கே எடுத்துவிட வேண்டும். காலையிலிருந்து பிள்ளை சுருண்டு கிடக்கிறதென்றால் மதியம் ஒரு முறை உட்கார்ந்து முழுசாகப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் வெளிச்சத்திலேயே கிளம்பிவிடுங்கள்.

மூக்கு ஒழுகல் ஓயவே இல்லை

பால்வாடிக்கோ ப்ளே ஸ்கூலுக்கோ போக ஆரம்பித்த வருஷம் இது நடந்தே தீரும். சளியைக் கொண்டுவருவது வைரஸ். ஜன்னல் அடைத்த அறையில் பத்துப் பிள்ளைகள் நெருங்கி உட்கார்ந்தால் ஒன்றிடமிருந்து ஒன்றுக்குத் தொற்றும், மலையிலோ வருஷத்தில் பாதி நாள் நாம் ஜன்னலைத் திறப்பதே இல்லை. இந்த வயதில் ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது சாதாரணம். ஒவ்வொன்றும் பத்து நாள், சில சமயம் இரண்டு வாரம்கூட இழுக்கும். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய மூன்று மாதம் மூக்கு ஒழுகத்தான் செய்யும். "எங்க புள்ளைக்கு உடம்புல சக்தியே இல்ல" என்று கவலைப்படத் தேவையில்லை.

முதலில் பார்க்க வேண்டியது: பிள்ளை விளையாடுகிறதா, குடிக்கிறதா, தூங்குகிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் பொறுத்திருக்கலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டை சாப்பாட்டுக்கு முன்னாலும் தூங்கப்போகும் முன்னாலும் மூக்கில் விட்டால் மூச்சு லேசாகும். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறிவிட்டது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை. பத்து நாள் தாண்டியும் குறைய ஆரம்பிக்கவில்லை, அல்லது நன்றாகிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் திரும்பக் காய்ச்சல் வந்தது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு சளி முடிந்து அடுத்தது வருவதற்குள் மூச்சில் விசில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். விறகு அடுப்புப் புகை சமையலறையில் தேங்குகிறதா? வெந்நீர் அடுப்பு வாசலிலேயே எரிகிறதா? தலைக்கு ஊற்றிவிட்டு சாம்பிராணி காட்டுகிறீர்களா? யாராவது உள்ளே பீடி, சிகரெட் பிடிக்கிறார்களா? வீட்டுக்குள் அடுப்புப் புகையைச் சுவாசிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அடுப்பு எரியும் நேரம் பிள்ளை வேறு அறையில் இருக்கட்டும். மழைக்காலத்தில் துணி காயாமல் அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டால் சுவரில் பூசணம் பிடிக்கும். அதுவும் இழுப்பைக் கூட்டும். வெயில் தலைகாட்டும் அரை மணி நேரமாவது எல்லா ஜன்னலையும் திறந்துவிடுங்கள். குளிர்காற்று உள்ளே வந்தால் வரட்டும்.

அடுத்தது தைலம். ஊட்டியில் தடுக்கி விழுந்தால் தைலக் கடை, அதனால் நாம் அதைத் தண்ணீர் மாதிரிப் புழங்குகிறோம். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு யூகலிப்டஸ் தைலம், கற்பூரம் கலந்த களிம்பு எதையும் மூக்கிலோ நெஞ்சிலோ தடவ வேண்டாம். அது சளியைக் கரைப்பதில்லை, மூச்சுக்குழாயை எரிச்சல்படுத்தி அடைப்பைக் கூட்டும். அதற்கு மேற்பட்ட வயதிலும் மூக்கருகே வேண்டாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை எந்த வயதிலும் செய்யாதீர்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நேராக நுரையீரலுக்கே போகலாம்.

இருமுகிறது, மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கிறது

இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. மூச்சை எண்ணுவது.

பிள்ளை தூங்கும்போது, அல்லது மடியில் சும்மா சாய்ந்திருக்கும்போது எண்ணுங்கள். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணினால் கணக்கு தப்பாக வரும். ஸ்வெட்டரையும் உள்சட்டையையும் வயிறும் அடிநெஞ்சும் தெரிகிற அளவுக்கு மேலே தூக்குங்கள். போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிடுங்கள். வயிறு மேலே எழும்பி இறங்கினால் ஒன்று. முழுசாக 60 விநாடி எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்காதீர்கள், சின்னப் பிள்ளைகளின் மூச்சு சீராக இருக்காது. ஒரு வயது முதல் ஐந்து வயது வரை நிமிஷத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் வந்தால் அது வேகமான மூச்சு. அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

எண்ணும்போதே விலா எலும்பு முடியும் இடத்தைப் பாருங்கள். சாதாரணமாக மூச்சை இழுக்கும்போது நெஞ்சும் வயிறும் சேர்ந்து வெளியே வரும். நிமோனியாவிலும் கடுமையான இழுப்பிலும் வயிறு வெளியே வர, விலாவின் கீழ்விளிம்பு உள்ளே குழிந்து போகும். ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. இந்தப் பள்ளம் தெரிந்தாலோ, மூக்குத் துவாரம் ஒவ்வொரு மூச்சுக்கும் விரிந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் பிள்ளை துவண்டாலோ நேரம் காலம் பார்க்காமல் கிளம்புங்கள். அழகழகாக மூன்று ஸ்வெட்டர் போட்டு மூடிவைத்திருப்பதால்தான் மலையில் இந்தப் பள்ளம் நம் கண்ணில் படாமல் போகிறது.

மூச்சு சரியாக இருக்கிறது, வெறும் இருமல்தான் என்றால் ராத்திரி அரை டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். ஒரு வயது முடிந்த பிறகு மட்டும். மலைத்தேன் என்றாலும் ஒரு வயதுக்கு முன் கூடாது. இருமல் சிரப்பை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், மூத்த பிள்ளைக்கு வாங்கியதில் மிச்சமிருப்பதையும் கொடுக்காதீர்கள். இந்த வயதில் அவற்றால் பலன் இல்லை, ஆபத்து உண்டு. 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் மருந்து குடித்துப் பிள்ளைகள் இறந்தபோது, அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல் மருந்தே எழுத வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது.

நடுராத்திரி திடீரென்று நாய் குரைப்பது போல் இருமி, மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் அது குரல்வளை வீக்கம். பார்ப்பவர்களுக்குக் கைகால் உதறும். பிள்ளையை நிமிர்த்தி உட்காரவையுங்கள், அழவிடாதீர்கள், போர்வையால் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் நின்று வெளிக்காற்றைச் சுவாசிக்க விடுங்கள். குளிர்ந்த காற்று வீக்கத்தைக் குறைக்கும். இந்த ஒரு விஷயத்தில் நம் ஊர்க் குளிரே மருந்து. அழாமல் அமைதியாக இருக்கும்போதும் அந்தக் கரகரப்பு கேட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

காய்ச்சல்

தெர்மாமீட்டர் இல்லாத வீடாக இருக்கக் கூடாது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் (38 செல்சியஸ்) தொட்டால்தான் காய்ச்சல். கம்பளிக்குள் சுற்றிவைத்த பிள்ளையின் உடம்பு தொட்டால் சுடத்தான் செய்யும். முதலில் ஒரு சட்டையோடு பத்து நிமிஷம் விட்டுவிட்டுப் பிறகு அளந்து பாருங்கள். காய்ச்சல் உறுதியென்றாலும் மூட்டை கட்டாதீர்கள், சூடு வெளியேற வழி வேண்டும். நடுக்கம் வந்தால் ஒரு போர்வை போதும். ஐஸ் தண்ணீர் ஒற்றுவதும் தேவையில்லை.

பாராசிட்டமால் அளவு வயதைப் பொறுத்ததல்ல, எடையைப் பொறுத்தது. கிலோவுக்கு 15 மில்லிகிராம் ஒரு வேளை. பத்து கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம். தப்பு நடப்பது பாட்டிலில்தான்: 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்று போட்ட சிரப்பானால் 6 மில்லி, 5 மில்லியில் 250 என்று போட்டதானால் 3 மில்லி, 1 மில்லியில் 100 என்று போட்ட சொட்டு மருந்தானால் ஒன்றரை மில்லி. மூன்றும் கடையில் ஒரே அலமாரியில் இருக்கும், படமும் ஒரே மாதிரி இருக்கும். வாங்கி வந்ததும் அட்டையில் எண்ணைப் படித்து, உங்கள் பிள்ளைக்கு எத்தனை மில்லி என்று பாட்டிலில் பேனாவால் எழுதி ஒட்டிவிடுங்கள். ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 4 மணி நேர இடைவெளி, ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் கூடாது. பாட்டி ஒரு தடவை, அம்மா ஒரு தடவை என்று இரண்டு கை கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்து கொடுத்துக் காய்ச்சல் இறங்கியதும் பிள்ளை எழுந்து ஓடினால் பெரும்பாலும் பயமில்லை. இறங்கிய பிறகும் துவண்டே கிடந்தால், கழுத்து விறைத்தால், அழுத்தினால் மறையாத சிவப்புப் புள்ளிகள் உடம்பில் தெரிந்தால், 6 மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழிக்காவிட்டால் கிளம்புங்கள். மூன்று நாள் தாண்டிய காய்ச்சலையும் காட்டிவிட வேண்டும்.

காய்ச்சலில் வலிப்பு வந்தால்: ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் கரண்டியோ விரலோ தண்ணீரோ எதுவும் வேண்டாம், இரும்புச் சாவி கொடுப்பதும் வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிஷத்தில் நின்றுவிடும். 5 நிமிஷம் ஆகியும் நிற்கவில்லை என்றால் 108. முதல் முறை என்றால் நின்ற பிறகும் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஊசி போட்ட காய்ச்சலைத் தனியாகச் சொல்ல வேண்டும், அதற்குப் பயந்து ஊக்கத் தவணையைத் தள்ளிப்போடும் வீடுகள் நிறைய. 1907 முதல் குன்னூரில், இன்று தடுப்பூசி தயாரிக்கும் பாஸ்டர் நிறுவனம் இருக்கும் மாவட்டம் இது. தடுப்பூசியைத் தள்ளிப்போட நமக்குக் காரணமே இருக்கக் கூடாது. 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் முத்தடுப்பு ஊசியால் காய்ச்சல் வந்தால் முதல் ஒன்றிரண்டு நாளில் வந்து போய்விடும். அதோடு சேர்த்துப் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியின் காய்ச்சல் ஒரு வாரம், பத்து நாள் கழித்து வரலாம். அதை ஊசியோடு சம்பந்தப்படுத்தாமல் குழம்புகிறோம்.

ராத்திரி போர்வையை உதைத்துவிட்டு அழுகிறது

குளிரால்தான் அழுகிறது என்று முடிவுகட்டும் முன் பிள்ளையின் பின்கழுத்தில், காலருக்குக் கீழே கையை நுழைத்துப் பாருங்கள். உள்ளங்கையும் மூக்கு நுனியும் மலையில் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. பின்கழுத்து ஈரமாக வியர்த்திருந்தால் பிள்ளை புழுக்கத்தில் அழுகிறது. ஒரு அடுக்கைக் கழற்றுங்கள். கழுத்தும் சில்லென்றிருந்தால் ஒன்றைச் சேருங்கள்.

டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில்கூட உடம்பை ஒட்டிய பருத்தி பனியன், அதன்மேல் முழுக்கை சட்டை, மெல்லிய ஸ்வெட்டர், சாக்ஸ் போதும். போர்வை கீழே விழுந்தாலும் கவலையில்லாதபடி உடுத்திவிடுங்கள். முகத்தை மூடும் கனமான ரஜாய், கழுத்தைச் சுற்றிய மஃப்ளர், தாடையில் கயிறு கட்டும் குல்லா மூன்றையும் தூங்கும் பிள்ளையிடமிருந்து எடுத்துவிடுங்கள். வெந்நீர்ப் பை படுக்கையைச் சூடாக்க மட்டும். பிள்ளையைப் படுக்கவைக்கும் முன் அதை வெளியே எடுத்துவிட வேண்டும்.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள். கரி போட்ட குமுட்டி அடுப்பை, தணல் சட்டியை, பார்பிக்யூ அடுப்பை ஒருபோதும் தூங்கும் அறைக்குள் வைக்காதீர்கள். புகை இல்லையே, தணல்தானே என்று நினைப்போம். தணலிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு அதிகம் வரும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, கண் எரியாது. மூச்சு வேகமாக விடும் சின்னப் பிள்ளைகளை அது பெரியவர்களுக்கு முன்னால் தாக்கும். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் குளிர் காய அறைக்குள் கரி வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போயிருக்கிறார்கள். ஒரே அறையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வாந்தி, மயக்கம் வந்தால் முதலில் கதவைத் திறந்து பிள்ளையை வெளியே தூக்கி வாருங்கள், 108 பிறகு.

சாப்பிட மறுக்கிறது

முதல் கேள்வி: ஒரு நாளைக்கு எவ்வளவு பால், எத்தனை டீ?

பசுந்தேயிலை பறிக்கும் ஊரில் பிள்ளைக்கு டீ கொடுக்காதே என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். காலையில் அரை டம்ளர் டீயில் வர்க்கி பிஸ்கட்டை முக்கி ஊட்டி, பத்து மணிக்கு இன்னொரு அரை டம்ளர் கொடுத்தால் அந்தச் சின்ன வயிறு அதோடு நிரம்பிவிடும். டீயிலுள்ள டானின் சாப்பாட்டிலிருக்கும் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. இரும்பு குறைந்தால் பசி குறையும். பசி குறைந்த பிள்ளைக்கு இன்னும் டீயும் பாலும் போகும். இந்தச் சுற்றை டீயை நிறுத்தித்தான் அறுக்க முடியும். பாலும் நாளைக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம். ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள், பசி தானாக வரும். அழும்போது மூச்சை அடக்கி நீலம் பாய்ந்து மயங்கும் பிள்ளைகளுக்கும் பல சமயம் இரும்புச் சத்துக் குறைவு இருக்கும், அவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது. கிராம சுகாதார நர்ஸ் கொடுக்கும் இரும்புச் சத்து சிரப்பை வாரம் இரண்டு முறை 1 மில்லி விடாமல் கொடுங்கள். குடற்புழு மாத்திரையும் ஆண்டுக்கு இரண்டு முறை பால்வாடியிலேயே தருகிறார்கள். சின்னப் பிள்ளைக்கு அதைப் பொடித்துத்தான் தர வேண்டும்.

இரண்டாவது, பருப்பு வெந்ததா? ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் பருப்பும் பயறும் வேக நேரம் பிடிக்கும். கீழே இருந்து வந்த மருமகள் நாலு விசிலில் இறக்குவாள், மலையில் அது போதாது. பருப்பை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பாருங்கள். நடுவில் குருணை மாதிரி நிற்கக் கூடாது, வெண்ணெய் மாதிரி வழுக்கிப் போக வேண்டும். நின்றால் இன்னும் இரண்டு மூன்று விசில். பிள்ளை வாயில் ஒதுக்கித் துப்புவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம், அதை நாம் அடம் என்கிறோம்.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். ஒரு வயதுக்குப் பிறகு வளர்ச்சியின் வேகம் இயல்பாகவே குறையும். இரண்டாவது வருஷம் முழுக்க இரண்டு, இரண்டரை கிலோதான் கூடும். பால்வாடி எடை அட்டையில் கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தால் தட்டில் மிச்சம் வைப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கோடு இரண்டு மூன்று மாதம் படுத்தே கிடந்தால் டாக்டர். தொக்கம் எடுக்கப் போய் வாரக் கணக்கில் நாள் கடத்த வேண்டாம். தொண்டைக்குள் விரலையோ குழாயையோ விடும் எதற்கும் பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.

மலம் இறுகிப் போகிறது. அல்லது தண்ணீராகப் போகிறது

இறுகினால் மறுபடியும் பாலைத்தான் குறைக்க வேண்டும். குளிரில் தாகம் எடுக்காது, பிள்ளை கேட்காது, நாமாகத்தான் வெதுவெதுப்பாக அடிக்கடி கொடுக்க வேண்டும். பேரிக்காய் இதற்கு நல்ல மருந்து. கொடைக்கானலிலும் நம் பக்கமும் சீசனில் மலிவாகக் கிடைக்கும், வேகவைத்து மசித்துக் கொடுங்கள். சில்லென்ற டாய்லெட்டில் உட்காரப் பயந்து அடக்கும் பிள்ளைகளும் உண்டு. பிள்ளை உட்காரும் பிளாஸ்டிக் மலச்சட்டியை சமையலறை மூலையில், கதகதப்பான இடத்தில் வைத்துப் பாருங்கள்.

தண்ணீராகப் போனால் ஓஆர்எஸ், ஒரு பெரிய பாக்கெட்டுக்கு சரியாக 1 லிட்டர் தண்ணீர். அரை பாக்கெட், அரை லிட்டர் என்று கண்ணளவில் கலக்கக் கூடாது. கூடவே டாக்டர் சொல்லும் ஜிங்க் மாத்திரையை 14 நாள் முழுசாக. தண்ணீரைக் கொதிக்கவைக்கும்போது 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களில் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு 3 நிமிஷம் விட வேண்டும். குளிர்ந்த ஊரில் நாக்கு வறள்வது சட்டென்று தெரியாது. அழுதால் கண்ணீர் வருகிறதா, டயப்பர் நனைகிறதா என்று பாருங்கள். மலத்தில் ரத்தம் இருந்தால் காத்திருக்காதீர்கள்.

கீழே இறங்கினால் வாந்தி, காதைப் பிடித்துக்கொண்டு அழுகை

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் போய்ச் சேர்வதற்குள் 1,400 மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறோம். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு இறங்குபவர்களுக்கும் இதே பாடுதான். காற்றழுத்தம் கூடக்கூடக் காது அடைக்கும், சளி இருந்தால் வலிக்கவே செய்யும். விழுங்கும்போதுதான் காதுக் குழாய் திறக்கும், அதனால் இறங்கும் வழி நெடுக வாய்க்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்துக்கொண்டே வாருங்கள். தூங்கினால் விழுங்குவது குறையும். பாதி வழியில் அலறி எழும் பிள்ளைக்குக் காரணம் இது.

வாந்தி இரண்டு வயதுக்குப் பிறகுதான் அதிகம். கிளம்பும் முன் பால் வேண்டாம், வர்க்கியும் வேண்டாம், அதில் எண்ணெய் அதிகம். ஒரு மணி நேரத்துக்கு முன் இட்லி இரண்டு போதும். போனில் படம் காட்டாதீர்கள். பார்வை முன்னால் ரோட்டில் இருக்கட்டும், ஜன்னல் இரண்டு விரல் திறந்திருக்கட்டும். வளைவுகளில் மெதுவாகப் போகச் சொல்லி டிரைவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

கன்னம் சிவந்து வெடிக்கிறது

சோப்பைக் குறையுங்கள், வெந்நீரை வெதுவெதுப்பாக்குங்கள், துடைத்த கையோடு தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். எண்ணெய் உறைந்திருந்தால் பாட்டிலை வெந்நீரில் வைத்தால் போதும், அடுப்பில் காட்ட வேண்டாம். குளிருகிறதே என்று வெயிலை அலட்சியம் செய்யாதீர்கள்: உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். மதிய வெயிலுக்கு விளிம்பு வைத்த தொப்பி வேண்டும்.

மழை நாளில் அடம், ஆர்ப்பாட்டம்

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில் பிள்ளை நாள் கணக்கில் வீட்டுக்குள் அடைபடும். இந்த வயதில் நாளைக்கு 3 மணி நேரமாவது உடம்பு அசைய வேண்டும். அது கிடைக்காத பிள்ளை சுவரில் ஏறத்தான் செய்யும். மழை விட்ட இருபது நிமிஷத்துக்கு ரெயின்கோட்டும் கம்பூட்டும் மாட்டி வெளியே விடுங்கள், குட்டையில் குதிக்கட்டும். நனைந்ததால் சளி வராது. வந்ததும் காய்ந்த துணி மாற்றினால் சரி. உள்ளே என்றால் சப்பாத்தி மாவு பிசைய, சாக்ஸை ஜோடி சேர்க்க விடலாம். பட்டாணி உரிக்க மட்டும் கொடுக்காதீர்கள், மூக்கில் போய்விடும்.

அழுகை உச்சத்தில் இருக்கும்போது பேச்சு ஏறாது. பக்கத்தில் உட்காருங்கள், அடிக்கவிடாமல் கையைப் பிடியுங்கள், அடங்கியதும் தூக்குங்கள். அந்த நேரத்தில் போனைக் கொடுத்தால் அடுத்த முறை அழுகை இன்னும் சீக்கிரம் தொடங்கும். இரண்டு வயது வரை போனே வேண்டாம், அதற்குப் பிறகும் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள்.

இன்னும் பேச்சு வரவில்லை

நம் ஊரில் உடனே கிடைக்கும் பதில், "வீட்ல படுகு, வெளிய தமிழ், பக்கத்து வீட்ல மலையாளம், புள்ள குழம்பிப்போச்சு." பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. வார்த்தைகளை எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். 16 மாதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை, 2 வயதில் "அப்பா வா" மாதிரி இரண்டு வார்த்தை சேரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவதில்லை, அல்லது பேசியது நின்றுபோனது என்றால் காத்திருக்காமல் முதலில் காதைச் சோதியுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்குக் காதுக்குள் நீர் கோத்துக் கேட்பது மந்தமாகியிருக்கலாம். வீட்டு மொழியைக் கைவிடச் சொன்னால் கேட்காதீர்கள். பாட்டி படுகில் பேசினால் படுகிலேயே பேசட்டும்.

எதையோ வாயில் போட்டுவிட்டது

தைலம்: சில மில்லி யூகலிப்டஸ் தைலமே வலிப்பையும் மயக்கத்தையும் கொண்டுவரும், அதுவும் அரை மணி நேரத்துக்குள். விண்டர்கிரீன் தைலம் இன்னும் மோசம், ஒரு டீஸ்பூனில் ஏறக்குறைய 7 கிராம் ஆஸ்பிரினுக்கு ஈடான மருந்து இருக்கிறது. ஒரு சின்னப் பிள்ளையின் உயிரைப் பறிக்க அது போதும். பூஜை அலமாரிக் கற்பூரமும் அப்படியே. ரோட்டோரத்திலும் ஓடைக்கரையிலும் வெள்ளையாகத் தொங்கும் பெரிய ஊமத்தைப் பூவின் எல்லாப் பாகமும் விஷம்; தின்றால் முகம் சிவந்து, கண்மணி விரிந்து, பிள்ளை பிதற்றும். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். மண்ணெண்ணெய்க்கும் அதே விதி.

இவற்றில் எதைக் குடித்திருந்தாலும் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உப்புத்தண்ணீர், புளித்தண்ணீர் எதுவும் வேண்டாம். வாயைத் துடைத்துவிட்டு, அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் பாட்டிலோடு கிளம்புங்கள். எவ்வளவு குடித்தது என்பதை டாக்டர் பாட்டிலைப் பார்த்துத்தான் கணிப்பார்.

தொண்டையில் சிக்கினால்: ரோட்டோரம் தழையோடு விற்கும் பச்சைக் கேரட்தான் நம் ஊரில் பெரிய ஆபத்து, அடுத்தது நிலக்கடலை. நாலு வயது வரை கேரட்டை வேகவைத்தோ துருவியோதான் தர வேண்டும். பிள்ளை சத்தமாக இருமினால் இரும விடுங்கள். சத்தமே வராமல் திணறினால் முன்னோக்கிக் குனியவைத்து, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் உள்ளங்கை அடியால் 5 முறை பலமாகத் தட்டுங்கள். வராவிட்டால் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்கு மேலே கையை முஷ்டியாக வைத்து உள்ளேயும் மேலேயுமாக 5 முறை அழுத்துங்கள். வெளியே வரும் வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள், அதற்குள் ஒருவர் 108 கூப்பிடட்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரல் விடாதீர்கள்.

108-க்குப் பேசும்போது "கோத்தகிரி பக்கம்" என்றால் அவர்களுக்கு வழி தெரியாது. எஸ்டேட் பெயர், டிவிஷன், லைன் நம்பர், ஆம்புலன்ஸ் எதுவரை ஏறி வர முடியும், அந்த இடத்துக்குப் பக்கத்தில் உள்ள கோயில் அல்லது பஸ் ஸ்டாப் இவற்றை ஒரு அட்டையில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். வீட்டில் சிக்னல் எந்த மூலையில் கிடைக்கும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அட்டையைப் பாட்டிக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் ஒரு முறை காட்டிவிடுங்கள். ஏதாவது நடக்கும் நேரத்தில் நீங்கள் தோட்டத்தில் இலை பறித்துக்கொண்டிருக்கலாம்.